அம்மாவை மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 56 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் பால்மரம் வெட்டியவர். நான்கு வருஷமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுத்தும் விரல் கணுக்களில் வீக்கம் முழுதாக வடியவில்லை. போன மாதம் ருமட்டாலஜி என்கிற மூட்டுநோய் கிளினிக்கில், புது மருந்து ஒன்றின் ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு கட்டுக் காகிதத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "தோட்டத்துப் பொம்பளைதானே என்று அம்மாவைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களா, மிஸ்ஸி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் அரசு மருத்துவமனையில் முப்பத்து மூன்று வருஷம் தாதியாக இருந்தேன். கடைசிப் பதினொரு வருஷம் மூட்டுநோய்ப் பிரிவில், இப்படிப்பட்ட காகிதங்களை நோயாளிகளுக்குப் படித்து விளக்குவதுதான் என் வேலை. நானும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் பிறந்தவள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது நல்ல காரியம். உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம், பயந்துகொண்டு திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். எதை வைத்து முடிவெடுப்பது என்று சொல்கிறேன். ஆனால் முடிவு அம்மாவுடையது. பிள்ளை என்ற முறையில் உங்களுக்குக்கூட அதில் கடைசி வார்த்தை கிடையாது.

உங்கள் பயம் ஆதாரமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் மலாயாவில், வைட்டமின் பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றது. வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறையப் பேர் செத்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. காரணம் அரிசியா என்று பார்க்க, 1905இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண் போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த ஆராய்ச்சி பின்னால் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது உண்மை. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இப்போது உங்கள் கையில் இருக்கிற காகிதக் கட்டு அந்தக் குறையிலிருந்து பிறந்தது. போர்க்காலத்தில் ஜெர்மானிய டாக்டர்கள் சிறை முகாம்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், ஆளின் மனமொப்பிய சம்மதம் இல்லாமல் எந்தச் சோதனையும் கூடாது என்று 1947இல் சொன்னது. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் அதை இன்னும் விரிவாக எழுதி வைத்தது. இங்கே சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஓர் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்றால் அமைச்சின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். அனுமதி பெறாத புது மருந்தைச் சோதனைக்காக நாட்டுக்குள் கொண்டுவர பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிற தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் உரிமம் வேண்டும். தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அம்மாவின் காகிதத்தில் அந்த எண்ணும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் மேலே படிக்கவே வேண்டாம், கிளினிக்கில் போய்க் கேளுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். நம் ஊரில் மூட்டு வலித்தால் எல்லாமே வாதம்தான். ஆனால் முழங்கால் தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு. தேய்மானம் நடக்க நடக்க வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் உடம்பின் காவல் படையே வழி தவறி மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி விரல்கள், மணிக்கட்டு என்று சின்ன மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்ததும் கை மரக்கட்டை மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலே. உலகத்தில் நூறு பேருக்கு அரைப் பேரிலிருந்து ஒருவர் வரை வருகிற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, முன்னால் எழுந்து கத்தி பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு, கை மடங்காத அந்த நேரம்தான் வேலை நேரம். உங்கள் அம்மா எத்தனை நாள் வலியை மறைத்துக்கொண்டு மரம் வெட்டினாரோ தெரியாது. பெரும்பாலான அக்காமார் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் எங்களிடம் வந்தார்கள். அதற்குள் எலும்பு அரிக்கப்பட்டிருக்கும்.

இப்போது அம்மா சாப்பிடுகிற ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் இப்படிக் கையெழுத்துப் போட்ட யாரோ சிலர் இருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதே, அதே 1948ஆம் வருஷம் செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற டாக்டர் படுத்த படுக்கையாய்க் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே அதிசயம் என்றது, 1950இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது. பிரிட்டனில் கார்ட்டிசோனை ஆஸ்பிரினோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு 1954இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மருந்து முதல் வாரத்தில் என்ன செய்கிறது என்பதை வைத்து அதை நம்பக் கூடாது என்று இந்தத் துறைக்குக் கற்றுக்கொடுத்த அடி அது.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கு வந்த மருந்து. குறைந்த அளவில் வாரம் ஒரு முறை கொடுத்தால் முடக்குவாதம் அடங்கும் என்று காட்டிய முக்கியமான ஆராய்ச்சி ஒன்று 1985இல் வந்தது. அதில் சேர்ந்தவர்கள் வெறும் 35 பேர். ஒவ்வொருவரும் பன்னிரண்டு வாரம் உண்மை மருந்தும் பன்னிரண்டு வாரம் வெறும் மாத்திரையும் எடுத்தார்கள். எது எப்போது என்று அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த 35 பேரின் பொறுமையில்தான் இன்றைக்கு உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் கை மடக்கி நீட்டுகிறார்கள். அம்மாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் கொடுத்திருக்கலாம். அது மலேரியா மருந்துக் குடும்பம். தோட்டத்து மருந்தகத்து டிரஸர் வரிசையில் நிற்கவைத்து வாயில் போட்ட கசப்பு மருந்தின் தூரத்துச் சொந்தம் என்று பாட்டிகளிடம் சொல்வேன், உடனே முகம் சுளிப்பார்கள்.

"வெறும் மாத்திரை கொடுத்து ஏமாற்றுவது பாவமில்லையா" என்று பலர் கேட்பார்கள். எழுதிக் கொடுத்து, சம்மதம் வாங்கி, குலுக்கல் முறையில் கொடுப்பதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். மூட்டுவலி ஏறும், தானாகவே இறங்கும். இறங்குகிற நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று தோன்றும். அமெரிக்காவில் 180 பேரை வைத்து முழங்கால் தேய்மானத்துக்கு ஓர் ஆராய்ச்சி செய்து 2002இல் வெளியிட்டார்கள். சிலருக்கு முழங்காலுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்யும் உண்மையான அறுவை சிகிச்சை. சிலருக்குத் தோலைக் கீறித் தையல் மட்டும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு சாராரின் வலியும் ஒரே மாதிரிதான் இருந்தது. அது தெரியாமல் எத்தனை பேர் காசைக் கொட்டி முழங்காலைக் காட்டியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

அம்மாவின் ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கான ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பழைய மருந்தை நிறுத்த மாட்டார்கள். அதற்கு மேலே புது மருந்தோ வெறும் மருந்தோ குலுக்கலில் விழும். மூன்று நான்கு மாதத்தில் முன்னேற்றம் இல்லாதவர்களை வேறு சிகிச்சைக்கு மாற்ற விதி இருக்கும். இந்த "மாற்று விதி" எந்த வாரத்தில் என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வீங்கிய மூட்டோடு ஒரு வருஷம் வெறும் மருந்தில் உட்காரவைக்கிற ஆராய்ச்சி என்றால் நான் என் சொந்த அக்காவைச் சேர்க்க மாட்டேன். ஒவ்வொரு வருகையிலும் மூட்டுகளை ஒவ்வொன்றாய் அழுத்தி, எது வலிக்கிறது, எது வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். காகிதத்தில் "ஏசிஆர் 20" என்று எழுதியிருந்தால், வலிக்கிற மூட்டும் வீங்கிய மூட்டும் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்து, கூடவே வேறு சில அளவுகளிலும் அதே முன்னேற்றம் தெரிய வேண்டும் என்று பொருள். அதைப் பூரண குணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏசிஆர் 50, ஏசிஆர் 70 என்ற எண்கள்தான் நோயாளி "ஆமாம், வித்தியாசம் தெரிகிறது" என்று வாய்விட்டுச் சொல்கிற இடம்.

ஆபத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ரவீந்தர் மைனி, மார்க் ஃபெல்ட்மன் என்ற இருவர், வீக்கத்தைத் தூண்டுகிற டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் மருந்தை 1992இல் 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கண்கூடாகத் தெரிந்தது. 73 பேரை வைத்துக் குலுக்கல் முறையில் செய்த ஆராய்ச்சி 1994இல் அதை உறுதி செய்தது. மருந்து சந்தைக்கு வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த காசநோயை அது எழுப்பிவிடும். 2001இல் 70 பேரைப் பற்றிய அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு இந்த வகை மருந்து தொடங்குவதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயமாகிவிட்டன. நம் நாட்டில் காசநோய் இன்னும் இருக்கிறது, நெருக்கமான லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்ததா? தாத்தாவுக்கு இருந்தால்கூட வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரையும் அப்படித்தான். ஊசி இல்லாத மருந்து என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஐம்பது வயது தாண்டி, இதயநோய்க்கான காரணம் ஏதாவது ஒன்றாவது உள்ள 4,362 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. டிஎன்எஃப்பை அடக்கும் ஊசியைவிட இதில் மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் எல்லாம் சற்றுக் கூடுதலாக இருந்தன. அம்மாவுக்கு 56 வயது. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ கொழுப்போ இருந்தால், புது மருந்து இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா என்று கேட்பது உங்கள் கடமை.

இங்கே இன்னொரு விஷயம், என் வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயம். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மூட்டுவலிக்கென்று விற்கிற ஜாமு என்கிற நாட்டு மூலிகை மருந்தும் பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலமும். இரண்டே நாளில் வலி பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பொருட்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. அம்மா அப்படி ஏதாவது எடுக்கிறார் என்றால், திட்டாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மறைத்துவிட்டு ஆராய்ச்சியில் சேர்ந்தால் அம்மாவுக்கும் கெடுதல், மருந்தைப் பற்றிய கணக்கும் பொய்யாகும்.

அப்புறம் ஏன் சேர வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் கிளினிக்கில் காத்திருக்கிற நாற்காலிகளைப் பார்த்தாலே தெரியும். இந்த நாட்டில் இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். முடக்குவாத வரிசையில் நம் பெண்கள் அதைவிட எத்தனையோ அதிகம். ஆனால் உலகத்துப் பெரிய ஆராய்ச்சிகளில் நம்மைப் போன்றவர்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவு. இனத்துக்கு இனம் மருந்து ஒத்துக்கொள்வது மாறும் என்பதற்கு யூரிக் ஆசிட் மருந்தான அலோபியூரினாலே சாட்சி. குறிப்பிட்ட ஒரு மரபணு உள்ளவர்களுக்கு அது தோல் உரிந்துபோகும் அளவுக்கு ஒவ்வாமை தரும். சீன வம்சாவளியினரிடம் அந்த மரபணு அதிகம் என்று 2005இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். வெள்ளைக்காரர்களை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் தெரிய வந்திருக்காது.

நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையமும் சேர்ந்து 2005 முதல் 2009 வரை தீபகற்ப மலேசியாவில் முடக்குவாதக்காரர்களைச் சந்தித்துக் கேள்வி கேட்டு இரத்தம் எடுத்தார்கள். மருந்து எதுவும் இல்லை, கேள்வியும் இரத்தமும் மட்டும். 910 நோயாளிப் பெண்களையும் நோயில்லாத 910 பெண்களையும் ஒப்பிட்டதில், துணி ஆலைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று தெரிந்தது. 2016இல் அது வெளியானபோது எனக்குத் தோட்டத்தை விட்டு ஃபேக்டரி பஸ் ஏறிய என் தலைமுறைப் பெண்களின் ஞாபகம் வந்தது. அவர்கள் பதில் சொன்னதால்தான் அந்தத் தூசியைப் பற்றி இன்றைக்கு நாம் பேச முடிகிறது. அம்மா எப்போதாவது துணி ஆலையில் வேலை செய்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வித்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேல்நாட்டில் எழுதிய தாளில் இறைச்சி வெட்ட முடிகிறதா, பால் பெட்டி திறக்க முடிகிறதா என்று இருக்கும். நம் அம்மாக்கள் "முடியும்" என்று டிக் போட்டுவிடுவார்கள், அந்த வேலையே செய்யாததால். ஈரப் புடவையைப் பிழிய முடிகிறதா, தேங்காய்ப்பால் பிழிய முடிகிறதா, கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறதா என்று நான் கேட்பேன். அப்போதுதான் கண்ணீர் வரும். இந்தியாவில் மாற்றி எழுதிய தாளில் குந்தி உட்காருவதைச் சேர்த்திருக்கிறார்கள். 2002 முதல் உலக அளவில் அளவுகோல் வகுக்கிற கூட்டங்களில் நோயாளிகளையும் உட்காரவைத்தார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் வலியைவிட வாட்டுகிற அசதியையும் அளக்க வேண்டும் என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லும் பழக்கத்தை அந்த அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

சேர விருப்பமில்லை என்றால் அம்மா எதையும் இழக்க மாட்டார், அவருடைய வழக்கமான சிகிச்சையை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. அப்போது டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலாசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாத 353 பேரை வைத்து 2013இல் வெளியான ஆராய்ச்சியில், மலிவான இந்த மூன்று மாத்திரைக் கூட்டு விலையுயர்ந்த, டிஎன்எஃப்பை அடக்கும் எட்டானர்செப்ட் ஊசிக்குக் குறைந்ததாக இல்லை. இரண்டாவது, இன்னும் அடிக்கடி வந்து பார்க்கலாமா என்று. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 110 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மாதா மாதம் பார்த்து, மூட்டை எண்ணி, இலக்கு வைத்து மருந்தைக் கூட்டினார்கள். மற்ற பாதிக்கு வழக்கமான பார்வை. ஒன்றரை வருஷத்தில் முதல் பாதியில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, மற்றதில் 16 சதவீதம். என் பார்வையில் இந்தத் துறையின் மிக அருமையான ஆராய்ச்சி அதுதான். அங்கே புது மருந்தே கிடையாது. இருக்கிற மருந்தை விடாமல் கவனித்துக் கொடுத்ததுதான் வித்தியாசம்.

சேர விருப்பம் என்றால், காகிதத்தை அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள். தமிழ்ப் பிரதி கேட்டால் தர வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பக்கவிளைவு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, பஸ் காசு கிடைக்குமா, எத்தனை தடவை வர வேண்டும் என்று கேளுங்கள். ஆராய்ச்சி முடிந்த பிறகு மருந்து தொடருமா என்பதைக் கடைசியில் கேட்காமல் முதலிலேயே கேளுங்கள். நான் பார்த்த ஓர் அக்கா, பெயர் வேண்டாம், ஒரு வருஷம் புது ஊசியில் நன்றாக இருந்தார். வெளியில் ஓர் இடத்தில் நடந்த ஆராய்ச்சி. சேரும்போது யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். முடிந்ததும் ஊசியும் நின்றது. மூன்று மாதத்தில் கை மறுபடி வீங்கி எங்களிடம் வந்தபோது, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மனசைத் தயார் பண்ணியிருப்பேன் மிஸ்ஸி" என்றார். எனக்கு அந்த அக்காவின் முகம் இன்னும் மறக்கவில்லை.

கடைசியாக, ஆராய்ச்சியில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்று இரவே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அம்மா மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் எடுக்கிறாரா? தினமும் எடுத்தால் வாய் வெந்து, இரத்த அணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். அப்படி எடுத்திருந்தால் காலை வரை காத்திருக்காமல் இன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சரியாக எடுக்கிறார் என்றால், எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில் எழுதி மருந்துப் பையில் ஒட்டுங்கள். அதோடு கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் வைட்டமின் மாத்திரை எந்த நாளில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பையை அப்படியே எடுத்துப் போங்கள்.